லாயத்தின் நான்காவது தாள்

குலசேகரம் கோபக்காரர் என்று பெயரெடுத்தவர். ஆனால் அவருடைய கோபம் கண்டபடி பாய்வதன்று. அதற்கு ஓர் அளவு இருந்தது. அடியிலும் அங்குலத்திலும் எழுதி வைக்கக்கூடிய அளவு.

குரோய்டனுக்குத் தெற்கே, பஸ் கடைசியாக நின்று திரும்பும் மேட்டில் அஷ்வெல் கோர்ட் என்ற மாளிகை நிற்கிறது. மெழுகுதிரி விற்றுப் பெரும் பணக்காரரான ஒருவர், நகரத்துப் புகைக்கு அப்பால் நாட்டுப்புறச் சீமானாக வாழ ஆசைப்பட்டு 1868ஆம் ஆண்டு கட்டிய வீடு அது. செங்கற் சுவர்கள், செங்குத்தாக இறங்கும் ஓட்டுக் கூரைகள், ஒன்றோடொன்று போட்டியிடும் பதினாறு புகைபோக்கிகள். வீட்டுக்குப் பின்னே, வளைவு வாசலும் மணிக்கூட்டுச் சிறுகோபுரமும் கொண்ட லாயம் ஒரு கற்பாவிய முற்றத்தைச் சுற்றி மூன்று பக்கமும் கட்டப்பட்டிருந்தது. சீமானின் பரம்பரை அற்றுப்போய், வீடு உள்ளூர்க் கவுன்சிலின் கைக்கு வந்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தும் இடமாக மாறியிருந்த 1986ஆம் ஆண்டில், குலசேகரம் அங்கே பராமரிப்பாளராகச் சேர்ந்தார். கூட்டுவது, கதவு பூட்டுவது, கொதிகலனைக் கவனிப்பது அவர் வேலை. வேலையோடு, லாயத்தின் மேல்மாடியில் ஒரு காலத்தில் குதிரைக்காரர் குடியிருந்த இரண்டு அறைகளும் கிடைத்தன.

அப்போது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. சுன்னாகத்தில் பிறந்து, கொழும்பில் அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் இருபத்து நான்கு ஆண்டுகள் படவரைஞராக இருந்தவர். எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் வாடகை வீடும் அதற்குள் இருந்தவையும் எரிந்தபின், மனைவி தவமலரோடு லண்டன் வந்தார். குரோய்டனில் அகதி விண்ணப்பங்களைப் பார்க்கும் அந்த உயர்ந்த கட்டடத்தில், தொழில் என்று கேட்ட இடத்தில் ‘படவரைஞர்’ என்று தெளிவாக எழுதினார். வேலை தேடித் தரும் அலுவலகத்தில் இருந்த இளைஞன், அங்கேயும் எழுதியிருந்த அதே சொல்லைப் படித்துவிட்டு, “அதற்கு இங்கே சான்றிதழ் வேண்டும்” என்றான். பிறகு துடைப்பத்துக்குச் சான்றிதழ் வேண்டாம் என்பதையும் மரியாதையாகவே தெரிவித்தான்.

முதல் மாரியில் மேல்மாடி அறை ஏன் இவ்வளவு குளிர்கிறது என்று கண்டுபிடிக்கவே அவர் அளவுநாடாவை எடுத்தார். கீழே, குதிரைகள் நின்ற கூடம் பதினான்கு அடி உயரம். நெஞ்சளவுக்கு வெள்ளைப் பளிங்கு ஓடு பதித்த சுவர். சிறுநீர் தேங்காதபடி சாய்வாகப் பாவிய, வரியிட்ட நீலச் செங்கல் தரை. வெளிச்சம் குதிரையின் கண்ணில் நேரே விழாதபடி உயர்த்தி வைத்த யன்னல்கள். கெட்ட காற்று வெளியேறக் கூரையில் தனி வழி. பக்கத்தில் சேணங்கள் தொங்கிய அறையில் அழகான அடுப்புக் குழி, தோல் பூஞ்சணம் பிடித்துவிடக் கூடாது என்பதற்காக. மேலே குதிரைக்காரர் படுத்த அறைக்கு அடுப்பில்லை. கூரையின் உச்சியில் ஆறடி மூன்று அங்குலம், ஓரங்களில் நான்கடி. தரையில், கீழே வைக்கோல் தள்ளுவதற்கு ஒரு சதுரத் துவாரம். அதன் வழியே எட்டுக் குதிரைகளின் மூத்திர வாடை ஆண்டு முழுவதும் மேலே ஏறியிருக்க வேண்டும்.

“பாரும் தவம்,” என்றார் மனைவியிடம். “குதிரைக்குக் காத்து. தோலுக்கு நெருப்பு. மனிசனுக்கு மூத்திர மணம். இதை ஒருத்தன் மேசையிலை இருந்து யோசிச்சு, கீறி, கட்டியிருக்கிறான்.”

“அப்ப கீழை போய்ப் படுங்கோவன்,” என்றாள் தவமலர். சாண்ட்விச் கட்டும் தொழிற்சாலையில் காலை ஷிப்ட் முடித்து வந்து கால்களை நீட்டியிருந்தாள். “உங்கடை கோவத்துக்கும் கனைப்புக்கும் ஆரும் வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டினம்.”

பெரிய வீட்டையும் அளந்தார். அங்கே கோபம் இன்னும் வளர்ந்தது. வேலைக்காரர் நடமாடும் ஒடுக்கமான வழியில் யன்னல்கள் எல்லாம் தலைக்கு மேலே. பூந்தோட்டத்தில் உலாவும் சீமாட்டியை ஒரு சமையற்காரி தற்செயலாகக்கூடப் பார்த்துவிடக் கூடாது. சமையலறைச் சத்தம் கேளாதபடி, பச்சைக் கம்பளித் துணி அறைந்த கதவு. எசமானர்க்கு ஓக் மரத்தில் அகன்ற படிக்கட்டு. வேலைக்காரருக்கு இருட்டில் சுழன்றேறும் கற்படிக்கட்டு. குலசேகரம் அன்றுமுதல், சுற்றுவழி என்றாலும், தண்ணீர் வாளியையும் துடைப்பத்தையும் தூக்கிக்கொண்டு ஓக் படிக்கட்டின் நடுவாலேயே ஏறி இறங்கினார்.

ஆயினும் அவர் நேர்மையான படவரைஞர். பொருத்துகளில் ஒரு குறையும் அவரால் காண முடியவில்லை. லாயத்தின் எட்டுக் குதிரைத் தடுப்புகளையும் பிரித்து நின்ற ஏழு வார்ப்பிரும்புத் தூண்களும், அவற்றிலிருந்து அலைபோல வளைந்து சுவருக்கு ஏறிய ஓக் பலகைகளும் நூற்றிருபது ஆண்டுகளாக ஒரு நூல் பிசகாமல் நின்றன. கோபமும் மதிப்பும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொள்ள, அவர் அந்தக் கட்டடத்தை வரையத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில், இரண்டாண்டுகள், ஊடுதெரியும் தாளில் கறுப்பு மையால் ஐந்து தாள்கள். நான்காவது தாள், லாயத்தின் கீழ்த்தளம்.

அந்தத் தாள்களுக்கு ஒரு பயன் வரும் என்று அவர் எண்ணியதில்லை. 1991இல் வந்தது. அப்பகுதித் தமிழர் சங்கத்தின் சனிக்கிழமைப் பள்ளிக்கூடம் நடந்துவந்த தேவாலய மண்டபத்தை விட்டு வெளியேறும்படி அறிவித்தல் கொடுத்துவிட்டார்கள். நூற்றிருபது பிள்ளைகள். பயன்படாமல் கிடந்த லாயத்தைச் சங்கத்துக்கு இருபத்தைந்தாண்டுக் குத்தகைக்குக் கொடுக்கக் கவுன்சில் இணங்கியது. திறப்புச் சாவியையும் தற்காலிகமாகத் தந்தது. நிபந்தனை ஒன்றுதான்: பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் உள்ளதாகையால், எழுத்தில் அனுமதி வருமுன் ஓர் ஆணியைக்கூட அசைக்கக் கூடாது. அனுமதிக்கு, கட்டடம் இன்று உள்ளபடியான வரைபடம் வேண்டும். கவுன்சிலிடம் அப்படி ஒன்றும் இல்லை. பட்டியலில் இருந்த நான்கு வரிகளும் வெளிப்புறத்தை மட்டுமே சொல்லின. உள்ளே பழைய மேசைகளும் அலுமாரிகளும் அடைந்து கிடந்ததால் அதிகாரி எவரும் புகுந்து பார்த்ததும் இல்லை.

“என்னட்டை இருக்குது,” என்று குலசேகரம் சங்கக் கூட்டத்தில் எழுந்து சொன்னபோது கைதட்டினார்கள்.

கைதட்டு நெடுநாள் நீடிக்கவில்லை. தடுப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு, ஒரு தடுப்புக்கு ஒரு வகுப்பு என்று எட்டு வகுப்புகளையும் அதற்குள்ளேயே நடத்தலாம் என்பது அவருடைய திட்டம். சங்கத் தலைவர் ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு அது பிடிக்கவில்லை. அவர் இரண்டு பலசரக்குக் கடைகளின் சொந்தக்காரர். குலசேகரத்திலும் பத்து வயது இளையவர். எடுத்த காரியத்தை நாளைக்கென்று விடாதவர்.

“குதிரை கட்டின இடத்திலை எங்கடை பிள்ளையள் இருந்து ஆத்திசூடி படிக்கிறதோ, அண்ணை? சனம் சிரிக்கும். மண்டபம் எண்டால் மண்டபமா இருக்கவேணும்.”

“குதிரை இருந்த இடத்துக்கு மேலை நான் இருக்கிறன். என்னைப் பாத்துச் சிரிக்கிற சனம் ஆரெண்டு சொல்லும்.”

அனுமதி வரட்டும், பிறகு பேசுவோம் என்று அந்தக் கூட்டம் முடிந்தது.

அனுமதிக்கு முன்னே தை மாதம் வந்துவிட்டது. ஐயர் பஞ்சாங்கம் பார்த்து, பால் காய்ச்சிக் குடிபுகத் தையின் கடைசிப் புதன்கிழமையை விட்டால் சித்திரை வரை நாளில்லை என்றார். மாசியும் பங்குனியும் ஆகாதவை. அதோடு, இடத்தை ஒருமுறை வந்து பார்த்தவர், பால் பானை வைக்கவேண்டிய ஈசான மூலையில் இரும்புத் தூண் நிற்கிறது, இது தோஷம் என்றும் சொல்லிப்போனார். கட்டட அதிகாரி மிஸிஸ் வெதர்பி அதற்கு முந்திய திங்கட்கிழமை வருவதாகக் கடிதம் எழுதியிருந்தார். அவர் படம் வாங்கத்தானே வருகிறார், உள்ளே என்ன பார்க்கப் போகிறார் என்பது தலைவரின் கணக்கு.

திங்களுக்கு முந்திய சனிக்கிழமை, பிளேஸ்டோவில் தவமலரின் மைத்துனர் ஒருவரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. கணவனும் மனைவியும் காலையிலேயே போய், பின்னேரம் மூன்றரை மணிக்குத் திரும்பினார்கள். முற்றத்தில், கட்டடக் கழிவு ஏற்றும் பெரிய இரும்புத் தொட்டி ஒன்று நின்றது. அதிலிருந்து தூணொன்றின் உருண்டைத் தலை எட்டிப் பார்த்தது.

உள்ளே பன்னிரண்டு பேர், சட்டைக் கையை மடித்துவிட்டு, சிரமதானம் முடிந்த மகிழ்ச்சியோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கூடம் சுவரிலிருந்து சுவர்வரை வெளித்துக் கிடந்தது. தரையில் தூண்கள் நின்ற ஏழு இடங்களிலும் பிடுங்கிய பல்லின் குழிபோல ஏழு பள்ளங்கள்.

“வாங்கோ அண்ணை,” என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா. “பாருங்கோ, இப்பதான் மண்டபம் எண்டு சொல்லலாம்.”

குலசேகரம் ஒவ்வொரு பள்ளத்துக்கும் நடந்துபோய்க் குனிந்து பார்த்தார். ஏழையும் பார்த்து முடித்தபின்தான் திரும்பினார்.

“ஆர் சம்மட்டி பிடிச்சது?”

“நான்தான், அண்ணை,” என்றார் யாக்கோப்பு. மன்னார்ப் பக்கத்துத் தச்சர். மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவரானாலும் சங்க வேலை என்றால் முதலில் வந்து நிற்பவர். “அனுமதி வந்திட்டுது எண்டு சொன்னாங்கள்.”

“எங்கை வந்தது? ஆரின்ரை கையிலை வந்தது?” குலசேகரத்தின் குரல் பதினான்கு அடிக் கூரையில் மோதித் திரும்பியது. “களவாக் குடிபுகுற வீட்டிலை பால் பொங்கினால் என்ன, பொங்காட்டில் என்ன? சட்டப்படி இது குற்றம், விளங்குதோ? குத்தகை போச்சு. பிள்ளையளைக் கொண்டுபோய் றோட்டிலை இருத்தப் போறியள்!”

மறுநாள் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்கத்தின் செயற்குழு, சேண அறையில், அவசரமாகக் கூடியது. இரவு முழுவதும் தலைவர் யோசித்திருக்கிறார் என்பது தெரிந்தது.

“அண்ணை, கத்தினது போதும். இப்ப வழியைப் பாப்பம். உந்தத் தூண் இருந்தது அந்த மனிசிக்குத் தெரியுமோ?”

“தெரியாது.”

“கவுன்சிலிலை படம் இருக்கோ?”

“இல்லை.”

“அப்ப உங்கடை நாலாந் தாளிலை மட்டும்தான் இருக்கு.” ஸ்ரீஸ்கந்தராஜா குரலைத் தாழ்த்தினார். “பிளேட்டாலை சுரண்டினால் மை போகும்தானே? ரெண்டு மணித்தியால வேலை. நாங்கள் வரேக்கையே உள்ளுக்கு வெறுங்கூடம் எண்டு சொல்லுவம். விசயம் முடிஞ்சுது.”

குலசேகரம் மேசையில் கையை ஊன்றி எழுந்தார். “என்ரை கையாலை நான் பொய் கீறவேணுமோ?”

“பொய்யோ? நூற்றிருபது பிள்ளையளுக்கு இடம், அண்ணை. நீங்கள் கோடு பெரிசோ, பிள்ளையள் பெரிசோ எண்டு யோசியுங்கோ. நாளைக்குக் குத்தகை போனால், போனது சம்மட்டியாலை இல்லை, குலசேகரத்தாற்றை படத்தாலை எண்டுதான் சனம் சொல்லும். நானும் சொல்லுவன்.”

குலசேகரம் மேலே வந்தார். நான்காவது தாளைப் பலகையில் விரித்தார். சவர பிளேட் ஒன்றையும் எடுத்து வைத்தார். தவமலர் இடியப்பம் அவித்துக்கொண்டே பார்த்தாள்.

“சுரண்டிவிடுங்கோவன்,” என்றாள். “ஆருக்கு நட்டம்? செத்துப்போன குதிரைக்கோ? பிள்ளையள் பாவம். நாங்களும் நாளைக்கு மனிசரின்ரை முகத்திலை முழிக்கவேணும்.”

அவள் சொன்னதில் பிழை இல்லை என்பதே அவரை மேலும் எரிய வைத்தது. பிளேட்டை எடுத்தார். முதலாம் தூணின் ஓரத்தில் வைத்து, ஒரு நூலளவு சுரண்டினார். மை தூளாக எழுந்தது. ஊதிவிட்டுப் பார்த்தார்.

தூண்களும் தடுப்புகளும் போனால் அங்கே என்ன மிஞ்சும்? பதினான்கு அடி உயரத்தில் ஒரு நல்ல கூடம். குதிரை நின்றதற்கு அடையாளம் இல்லை. ஆகவே இந்த ஆறடி மூன்றங்குல அறையில், வைக்கோல் துவாரத்தின் பக்கத்தில், மனிதரைக் கிடத்தியதற்கும் அடையாளம் இல்லை. அந்த அநியாயத்தை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. அளந்து வைத்தவர் அவர் ஒருவரே. அதைச் சுரண்டி எறிவதற்கு, மெழுகுதிரிச் சீமான் கேட்கவில்லை. தன்னுடைய ஆட்களே கேட்கிறார்கள்.

பிளேட்டைக் கடுதாசியில் சுற்றிக் குப்பையில் போட்டார். சுரண்டிய நூலளவை மையால் நிரப்பினார். பிறகு வெண்கட்டியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

“எங்கை போறியள்? சாப்பாடு?”

“தொட்டிக்கை இறங்கப் போறன்.”

ஐம்பத்தெட்டு வயது மனிதர் இரும்புத் தொட்டிக்குள் இறங்கி ஓக் பலகைகளை ஒவ்வொன்றாகக் கிளப்புவதைச் செயற்குழு சேண அறை யன்னலால் பார்த்தது. ஒருவரும் வெளியே வரவில்லை. யாக்கோப்பு மட்டும் வந்தார்.

“அண்ணை, தூணைத் தனிய தூக்கேலாது. நான் பிடுங்கினது, நானே தூக்கிறன்.”

“பிடுங்க முந்திக் கேட்டிருக்கவேணும்.”

“ஓம். கேட்டிருக்கவேணும்.”

சற்றுநேரத்தில் தவமலரும் மேற்சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, முணுமுணுத்தபடியே அளவுநாடாவின் மற்ற நுனியைப் பிடித்தாள். பொழுதுபடுமுன் ஏழு தூண்களும் முற்றத்தில் வரிசையாகக் கிடந்தன. ஐந்து முழுதாக, இரண்டு முறிந்து. பலகைகள் ஒவ்வொன்றிலும் தாளைப் பார்த்து இலக்கம் எழுதினார். பதினொன்று பிளந்திருந்தன, நான்கைக் காணவில்லை.

திங்கள் பதினொரு மணிக்கு மிஸிஸ் வெதர்பி வந்தார். உயரமான, நரைத்த, மழைச்சப்பாத்து அணிந்த பெண்மணி. முற்றத்தில் கிடந்தவற்றைக் கண்டதும் நின்றுவிட்டார்.

“இவை எங்கிருந்து வந்தன?”

ஸ்ரீஸ்கந்தராஜா முந்திக்கொண்டார். “உள்ளே பழைய சாமான்களோடு கிடந்தவை, அம்மணி. நாங்கள் வந்தபோதே...”

“உள்ளே நின்றவை,” என்றார் குலசேகரம், தான் பள்ளிக்கூடத்தில் படித்த திருத்தமான ஆங்கிலத்தில். “சனிக்கிழமை வரை நின்றன. எங்கள் ஆட்கள் பிடுங்கினார்கள். அனுமதி இல்லாமல்.” நான்காவது தாளை விரித்தார். “இந்த இடங்களில்.”

தலைவரின் முகம் சாம்பலாயிற்று. அந்த அம்மாள் தாளின்மேல் குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை. தூண் ஒன்றை எல்லா அளவுகளோடும் தனியாக வரைந்திருந்த மூலையில் அவர் விரல் நின்றது.

“இவை அளந்தவையா, மதிப்பிட்டவையா?”

“மதிப்பிடுவது எனக்குப் பழக்கமில்லை. எட்டிலொரு அங்குலத்துக்கு அளந்தவை.”

“முறிந்த இரண்டையும் இதைப் பார்த்து வார்க்கலாம்,” என்றார் அவர் மெல்ல. பிறகு குரல் இறுகியது. “நான் கண்டதை அப்படியே அறிக்கையில் எழுதுவேன். எதையும் மறைக்க மாட்டேன்.”

“எழுதுங்கள்,” என்றார் குலசேகரம். “நானும் மறைக்கவில்லை.”

லாயத்தின் கூடத்துக்குக் கவுன்சிலின் புதுப் பூட்டு விழுந்தது. புதன்கிழமை பால் காய்ச்சவில்லை. மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது: சமர்ப்பித்த வரைபடத்தின்படி எல்லாவற்றையும் மே மாத நடுவுக்குள் இருந்த இடத்தில் இருந்தபடி நிறுத்த வேண்டும்; அதிகாரி வந்து அளந்து பார்ப்பார்; ஒப்பினால் குத்தகை உண்டு, ஒப்பாவிட்டால் குத்தகையும் இல்லை, வழக்கும் உண்டு.

அந்த வரைபடம் இல்லாதிருந்தால் திருப்பி நிறுத்த வழியே இருந்திராது என்று ஒருவரும் சொல்லவில்லை. காட்டிக்கொடுத்தவர் என்றுதான் சொன்னார்கள். வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில், நெடுங்காலம் பழகியவர்கள் விபூதித் தட்டைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தவமலரிடம் ஒருத்தி, “உங்கடை அவர் இப்ப வெள்ளைக்காரற்றை ஆளாமே?” என்றாள். “ஓம், கூலியில்லாமல் தொட்டிக்கை இறங்குற ஆள். உங்கடை அவரையும் அனுப்புங்கோ, இடமிருக்கு,” என்றாள் தவமலர்.

குலசேகரம் எவருக்கும் விளக்கம் சொல்லவில்லை. பூட்டுத் திறந்ததும் சங்கத்தவர்கள் சனிக்கிழமைகளில் மனமில்லாமல் வந்து வேலை செய்தார்கள். அவர் நான்காவது தாளின் பிரதியைப் பலகையில் குத்திக்கொண்டு அவர்கள் தலைமேல் நின்றார். யாக்கோப்பு பிளந்த பலகைகளைப் பொருத்தினார். நடுநிலைப்பள்ளி ஆசிரியர்போலக் குலசேகரம் ஒவ்வொரு தூணுக்கும் நூல் பிடித்துப் பார்த்து, சரி என்றால் அடுத்ததற்கு நகர்ந்தார்.

மே மாதத்து இரண்டாவது சனிக்கிழமை, ஏழாவது தூண் நின்றது. அதுதான் ஈசான மூலைத் தூண். சித்திரையில் கிடைத்த கடைசி நல்ல நாள் மறுநாள் காலை. பானையும் பசும்பாலும் வந்துவிட்டன. வாசலில் மாவிலை கட்டிக்கொண்டிருந்தார்கள். தூணைப் பிடித்திருந்தவர் ஸ்ரீஸ்கந்தராஜாவே. அரைக்கைச் சட்டை முழுவதும் சீமெந்து.

குலசேகரம் அளவுநாடாவைச் சுவரிலிருந்து இழுத்தார். இன்னொருமுறை இழுத்தார்.

“ஒண்டரை அங்குலம் தள்ளி நிக்குது.”

மாவிலை கட்டியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“அண்ணை,” என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா, பல்லைக் கடித்துக்கொண்டு. “ஐயர் பானை வைக்கக் கொஞ்சம் இடம் விடச் சொன்னவர். ஒண்டரை அங்குலம். அந்த மனிசி கண்டுபிடிக்கப் போறாவோ?”

“நான் கண்டுபிடிச்சிட்டன்.”

“விடிய ஆறரைக்கு முகூர்த்தம். பிறகு வைகாசியிலை நாளில்லை, ஆனி வந்திடும்...”

“ஆறரைக்குப் பாலைக் காய்ச்சும். ஆர் வேண்டாமெண்டது?” குலசேகரம் தரையில் வெண்கட்டியால் ஒரு சிலுவைக்கோடு போட்டு, அதன் நடுவைச் சப்பாத்து நுனியால் தொட்டுக் காட்டினார். “சீமெந்து இறுக முதல் கழட்டும்.”

தலைவர் அவரைப் பார்த்தார். பிறகு யாக்கோப்பைப் பார்த்தார். யாக்கோப்பு ஏற்கெனவே தூணைக் கிளப்ப அலவாங்கை எடுத்திருந்தார்.